திமிங்கலத்தின் காதில் விழும் பிளாஸ்டிக்

சிறார் அனிமேஷன் படங்களில் வரும் கடல் எப்போதும் வெளிச்சமாக இருக்கிறது. நீலத் தண்ணீருக்குள் வெயில் சாய்ந்து இறங்கும். திமிங்கலம் தன் பெரிய கண்ணைத் திருப்பி நம்மைப் பார்க்கும். அதன் முகத்துக்கு முன்னால் ஒரு பிளாஸ்டிக் பை அசைந்து அசைந்து மிதந்து வரும். படம் வரைகிறவருக்கு வேறு வழியில்லை, இருட்டை வரைந்தால் யார் பார்ப்பார்கள்? உண்மையான கடலில் 200 மீட்டர் இறங்கினாலே பகல் மங்கிவிடும். 1000 மீட்டருக்குக் கீழே சூரிய ஒளி ஒரு துளியும் கிடையாது. ஸ்பெர்ம் திமிங்கலம் கணவாய் தேடிப் போவது அந்த இருட்டுக்குள்தான். கண்ணால் பார்ப்பவர்களுக்காக எடுத்த படத்தின் நாயகன், காதால் வாழ்கிற விலங்கு. கடல் மாசு பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது பெரும்பாலும் விடுபட்டுப் போவது இந்த ஒரு சங்கதிதான்.

திண்டுக்கல்லிலிருந்து நத்தம் போகும் சாலையில், சிறுமலை கண்ணில் படுகிற சமவெளியில் இருக்கிறது சாணார்பட்டி. எந்தப் பக்கம் போனாலும் கடல் 100 கிலோமீட்டருக்கு அப்பால். 2022 முதல் தமிழக அரசுப் பள்ளிகளில் மாதந்தோறும் சிறார் திரைப்படம் போட்டுக் காட்டுகிறார்கள். இந்தப் பக்கத்துப் பள்ளித் திரையில் ஒரு திமிங்கலப் படம் ஓடினால், பின்வரிசையிலிருந்து ஒரு கேள்வி வருவது நியாயம்: "கடலே இல்லாத ஊர்ல இருக்கோம், நமக்கு எதுக்கு சார் இது?" கடலில் குப்பை போடக் கூடாது என்ற பதில் அந்தக் கேள்விக்குப் போதாது. அவர்களில் பலர் கடலைப் பார்த்தே இருக்க மாட்டார்கள். சரியான பதிலுக்குத் திமிங்கலத்தின் காது வழியாகப் போக வேண்டும்.

படங்கள் பிடித்ததும் விட்டதும்

2003-ல் வந்த 'ஃபைண்டிங் நீமோ'வில் மார்லின், டோரி என்ற இரண்டு மீன்களும் ஒரு நீலத் திமிங்கலத்தின் வாய்க்குள் மாட்டிக்கொள்ளும். பிறகு அதன் மூச்சுத் துளை வழியாகப் பீய்ச்சியடித்து வெளியே வந்து விழும். சிரிக்க நல்ல காட்சி. உடற்கூறு அதற்கு இடம் தராது. மூச்சுத் துளை நுரையீரலுக்குப் போகும் பாதை, இரை வயிற்றுக்குப் போகும் பாதை வேறு. 30 மீட்டர் வரை வளரக்கூடிய நீலத் திமிங்கலம் வாய் நிறையத் தண்ணீரை மொண்டு, பலீன் தட்டுகளால் வடிகட்டி, இறாலுக்கு உறவான கிரில் என்னும் சிற்றுயிரைத் தின்கிறது.

அதே படம் வேறொன்றைச் சரியாகப் பிடித்தது. டோரி 'திமிங்கல பாஷை' பேசும்போது ஒவ்வொரு சொல்லையும் இழுத்து நீட்டிப் பேசும். நீலத் திமிங்கலத்தின் அழைப்பும் நீளமானது, மிகத் தாழ்ந்த சுருதி கொண்டது. மனிதக் காதால் கேட்க முடிகிற கீழ் எல்லை ஏறத்தாழ 20 ஹெர்ட்ஸ். நீலத் திமிங்கலம் அதை ஒட்டியும் அதற்குக் கீழேயும் குரல் கொடுக்கிறது. 2016-ல் வந்த 'ஃபைண்டிங் டோரி'யில் பெய்லி என்ற பெலூகா திமிங்கலம் ஒலியை அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியைக் கொண்டு தூரத்தில் இருப்பதை அறியும். அதைப் படம் மிகைப்படுத்தியது உண்டு. அடிப்படை பிசகவில்லை.

நம் பேச்சுக்கு இவற்றைவிட நெருக்கமான படம், 2019-ல் பிபிசியில் ஒளிபரப்பான 'தி ஸ்னெய்ல் அண்ட் த வேல்'. ஜூலியா டொனால்ட்சன் எழுதி, ஆக்ஸல் ஷெஃப்ளர் படம் வரைந்த குழந்தைகள் நூலிலிருந்து எடுத்த அரை மணி நேரப் படம். திமிங்கலத்தின் வாலில் ஏறி உலகம் சுற்றுகிறது ஒரு நத்தை. வேகப் படகுகளின் இரைச்சலில் திமிங்கலம் திசை தடுமாறிக் கரையேறிவிடுகிறது. நத்தை பள்ளிக்கூடக் கரும்பலகையில் செய்தி எழுத, ஊரே திரண்டு வந்து காப்பாற்றுகிறது. இந்தக் கதையில் வில்லன் குப்பை அல்ல, சத்தம். குழந்தைப் படங்களில் இது அபூர்வம்.

கிணற்றில் ஒரு சோதனை

இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் நீச்சல் பழகுவது கிணற்றில். பெரியவர்கள் கூட இருக்கும்போது அங்கே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். ஒருவர் ஒரு மூலையில் தண்ணீருக்குள் இரண்டு கற்களை மோத வேண்டும். இன்னொருவர் வேறு மூலையில் முங்கிக் கேட்க வேண்டும். சத்தம் பளீரென்று, காதுக்குப் பக்கத்திலேயே கேட்கும். எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று மட்டும் தெரியாது.

காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகிறது. கடல்நீரில் சுமார் 1500 மீட்டர். நம் மூளை திசையைக் கண்டுபிடிப்பது, ஒரு காதுக்கும் மறு காதுக்கும் ஒலி வந்து சேரும் நேர வித்தியாசத்தை வைத்து. தண்ணீரில் அந்த வித்தியாசம் நான்கில் ஒரு பங்குக்கும் கீழே சுருங்கிவிடுகிறது. போதாததற்கு மண்டையோடே ஒலியைக் கடத்துவதால் இரண்டு காதும் ஒன்றாகவே கேட்கின்றன.

திமிங்கலம் இந்தச் சிக்கலைக் கோடிக்கணக்கான ஆண்டுப் பரிணாமத்தில் தீர்த்துக்கொண்டது. அதன் காது எலும்பு மண்டையோட்டிலிருந்து விலகி இருக்கிறது. நுரைத்த காற்றறைகள் சூழ்ந்திருப்பதால் ஒவ்வொரு காதும் தனித்துக் கேட்கிறது. பல்லுள்ள திமிங்கலங்களில் கீழ்த்தாடை எலும்புக்குள் ஒருவகைக் கொழுப்பு நிறைந்திருக்கும். ஒலி அந்தக் கொழுப்பின் வழியே உட்காதை அடைகிறது. ஒலி எழுப்பத் தலையின் முன்பக்கம். ஸ்பெர்ம் திமிங்கலத்துக்கு உடம்பில் மூன்றில் ஒரு பங்கு தலைதான். அந்தத் தலையின் பெரும்பகுதி, 'க்ளிக்' என்ற கூர்மையான ஒலியை உண்டாக்கி ஒரே திசையில் குவித்து அனுப்பும் கருவி. எதிரொலி திரும்பி வரும் நேரம் இரையின் தூரத்தைச் சொல்கிறது. இரை நெருங்க நெருங்கக் க்ளிக்குகள் விரைந்து, ஒன்றோடொன்று சேர்ந்து ரீங்காரமாகிவிடும். கும்மிருட்டில் இப்படித்தான் வேட்டை நடக்கிறது.

கப்பல் போடும் இரைச்சல்

கப்பலின் சத்தத்தில் பெரும்பங்கு இயந்திரத்திலிருந்து வருவதில்லை, உந்துவிசிறியிலிருந்து வருகிறது. விசிறி இதழ் வேகமாகச் சுழலும்போது அதன் பின்னால் அழுத்தம் குறைந்து நீரில் குமிழிகள் பிறக்கின்றன. அவை உடனே நசுங்கி வெடிக்கின்றன. கோடிக்கணக்கில் வெடிக்கும் இந்தக் குமிழிகளின் கூட்டு இரைச்சல் தாழ்ந்த சுருதியில் நெடுந்தூரம் பரவுகிறது. நீலத் திமிங்கலம் உறவுகளை அழைப்பதும் அதே சுருதி வரிசையில். திண்டுக்கல் பேருந்து நிலையத்தில், திருவிழா நாள் கூட்டத்தில், கைவிட்டுப்போன பிள்ளையைத் தாய் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற நிலை அது. குரல் இருக்கிறது, காதும் இருக்கிறது, நடுவில் சத்தம் விழுங்கிவிடுகிறது.

கலிஃபோர்னியக் கடலில் 1960-களில் எடுத்த ஒலி அளவையும் நாற்பது ஆண்டுகள் கழித்து எடுத்த அளவையும் ஒப்பிட்ட ஆய்வு, 30 முதல் 50 ஹெர்ட்ஸ் வரிசையில் இரைச்சல் 10 முதல் 12 டெசிபல் கூடியிருப்பதைக் கண்டது. பத்தாண்டுக்குச் சுமார் 3 டெசிபல். டெசிபல் கணக்கில் 3 கூடினால் ஒலியின் ஆற்றல் இரட்டிப்பாகிறது என்று பொருள்.

சத்தம் திமிங்கலத்தின் உடம்பை என்ன செய்கிறது என்பதற்கு ஒரு சான்று எதிர்பாராமல் கிடைத்தது. 2001 செப்டம்பர் 11 தாக்குதலை அடுத்து, கனடாவின் ஃபண்டி வளைகுடாவில் கப்பல் போக்குவரத்து சட்டென்று குறைந்தது. கடலடி இரைச்சல் 6 டெசிபல் இறங்கியது. அதே காலத்தில் ரோஸலிண்ட் ரோலண்டின் குழு அங்கே ரைட் திமிங்கலங்களின் சாணத்தைச் சேகரித்துக்கொண்டிருந்தது. படகில் மோப்ப நாயை நிறுத்திச் சாணம் மிதக்கும் இடத்தைக் கண்டுபிடிப்பது பின்னாளில் அவர்கள் கையாண்ட முறை. மற்ற ஆண்டுகளோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது, அந்த அமைதியான நாட்களில் மட்டும் சாணத்தில் மன அழுத்தத்துக்கான ஹார்மோன் குறைந்திருந்தது. 2012-ல் முடிவு வெளியானது. பல பத்தாண்டுகளாக அந்த விலங்குகள் நிரந்தரப் பதற்றத்தில் வாழ்ந்து வந்திருக்கின்றன என்பது, பதற்றம் சிலநாள் விலகியபோதுதான் தெரிந்தது.

இலங்கையின் தெற்கு முனையில் கப்பல் தரும் ஆபத்தின் வேறொரு முகம் தெரிகிறது. தெய்வேந்திரமுனை, மிரிச கடற்பகுதியில் நீலத் திமிங்கலங்கள் இரை தேடுகின்றன. சூயஸையும் மலாக்காவையும் இணைக்கும் கப்பல் பாதை அதன்மேலேயே போகிறது. அஷா டி வோஸ் என்ற இலங்கை ஆய்வாளர் இந்தத் திமிங்கலங்களைப் பல ஆண்டுகளாகப் பின்தொடர்ந்து, கப்பல் மோதி இறக்கும் ஆபத்தை உலகத்தின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். 2022-ல் எம்.எஸ்.சி. என்ற பெரிய கப்பல் நிறுவனம் தன் கப்பல்களை இன்னும் தெற்கே விலக்கி ஓட்ட முன்வந்தது.

மணப்பாட்டில் கரையேறியவை

நத்தை கதையின் கரையேறிய திமிங்கலத்தைப் பார்க்க பிரிட்டன் வரை போக வேண்டியதில்லை. 2016 ஜனவரி 11 மாலை முதல், தூத்துக்குடி மாவட்டத்தில் மணப்பாடு, கல்லாமொழி, ஆலந்தலைக் கரைகளில் பைலட் திமிங்கலங்கள் கூட்டமாக வந்து ஒதுங்கின. எண்பதுக்கு மேற்பட்டவை. மீனவர்கள் கயிறு கட்டிப் படகால் இழுத்துக் கடலுக்குள் விட்டார்கள். சில மீண்டும் கரைக்கே திரும்பி வந்தன. பாதிக்கு மேல் இறந்தன. இறந்தவற்றைக் கரையிலேயே குழி தோண்டிப் புதைத்தார்கள்.

பைலட் திமிங்கலம் டால்பின் குடும்பத்தைச் சேர்ந்தது. தாய்வழி உறவுகள் ஆயுள் முழுக்கப் பிரியாமல் கூட்டமாகவே இருக்கும். ஒன்று தவித்தால் மற்றவை விட்டுப் போகாது. கூட்டத்தோடு கரையேறுவதற்கும், இழுத்து விட்டாலும் திரும்பி வருவதற்கும் இந்தப் பாசமே காரணம் என்கிறார்கள். தட்டையாகச் சரியும் மணல் கரையில் எதிரொலி சரியாகத் திரும்பாது, முன்னால் கரை இருப்பதே தெரியாது என்பது இன்னொரு விளக்கம்.

அப்படியானால் கப்பல் சத்தம்தான் மணப்பாட்டுச் சாவுகளுக்குக் காரணமா? அவசரப்படக் கூடாது. இதே கரையில் 1973 ஜனவரியிலும் 147 பைலட் திமிங்கலங்கள் ஒதுங்கியிருக்கின்றன. இயந்திரக் கப்பலே இல்லாத காலத்தில், டால்பின்கள் ஏன் கரையேறுகின்றன என்று தெரியவில்லை என அரிஸ்டாட்டில் எழுதி வைத்திருக்கிறார். நோய், தலைமை விலங்கின் தடுமாற்றம், கடல் நீரோட்டம் எனக் காரணங்கள் பல. ஆனால் சத்தம் காரணமாக முடியும் என்பதற்கு உறுதியான வழக்கும் உண்டு. 2000 மார்ச்சில் பஹாமாஸ் தீவுகளில் 17 விலங்குகள் அடுத்தடுத்துக் கரை ஒதுங்கின, பெரும்பாலும் அலகுத் திமிங்கலங்கள். அப்போது அந்தப் பகுதியில் பயிற்சியில் இருந்த போர்க்கப்பல்களின் சோனார் ஒலியே காரணமாக இருக்கும் என்று அமெரிக்கக் கடற்படையும் சேர்ந்து தயாரித்த அறிக்கையே ஒப்புக்கொண்டது. நத்தை கதை கற்பனை. அதன் கருவுக்கு அறிவியல் ஆதாரம் இருக்கிறது.

பைக்கும் எதிரொலி உண்டு

இப்போது பிளாஸ்டிக்குக்கு வருவோம். 2018-ல் தாய்லாந்தின் சோங்க்லாவில் ஒரு பைலட் திமிங்கலம் இறந்தது. வயிற்றில் எண்பதுக்கு மேற்பட்ட பிளாஸ்டிக் பைகள், எடை 8 கிலோ. அதே ஆண்டு நவம்பரில் இந்தோனேசியாவின் வாகடோபியில் ஒரு ஸ்பெர்ம் திமிங்கலம் செத்து ஒதுங்கியது. அதன் வயிற்றில் 115 பிளாஸ்டிக் கப்புகள், 25 பைகள், இரண்டு ரப்பர் செருப்புகள், எல்லாம் சேர்த்து 5.9 கிலோ. 2019 மார்ச்சில் பிலிப்பைன்ஸின் டவாவோவில் ஓர் அலகுத் திமிங்கலத்தின் வயிற்றிலிருந்து 40 கிலோ பிளாஸ்டிக் எடுத்தார்கள்.

இவை மூன்றும் எதிரொலி கேட்டு ஆழத்தில் கணவாய் பிடிக்கும் வகைகள். பையைப் பார்த்து ஜெல்லி மீன் என்று ஏமாந்துவிட்டது என்பதே வழக்கமாகச் சொல்லும் காரணம். கடலாமைக்கு அது பொருந்தும். கும்மிருட்டில் வேட்டையாடுகிற விலங்குக்கு எப்படிப் பொருந்தும்?

2024-ல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வேறு கோணத்தில் கேட்டார்கள்: பை எப்படித் தெரிகிறது என்பதை விட்டு, எப்படிக் கேட்கிறது? கடற்கரையில் பொறுக்கிய பிளாஸ்டிக் பொருட்களைத் தண்ணீருக்குள் தொங்கவிட்டு, திமிங்கலத்தின் க்ளிக்கை ஒத்த அதிர்வெண்களில் ஒலி அனுப்பி, திரும்பி வந்த எதிரொலியை அளந்தார்கள். கணவாயையும் அதே மாதிரி சோதித்தார்கள். சோதித்த பிளாஸ்டிக் ஒவ்வொன்றும் கணவாய்க்குச் சமமாகவோ அதைவிட வலுவாகவோ எதிரொலித்தது.

காரணம் எளிது. நீருக்கும் பொருளுக்கும் அடர்த்தியிலும் ஒலி செல்லும் வேகத்திலும் எவ்வளவு வித்தியாசமோ அவ்வளவுக்கு எதிரொலி பலப்படும். கணவாயின் சதை பெரும்பாலும் தண்ணீர், அதனால் எதிரொலி மெல்லியது. பிளாஸ்டிக் நீரிலிருந்து விலகிய பொருள். மடிப்பில் காற்றுக் குமிழி சிக்கியிருந்தால் இன்னும் பலமாக ஒலிக்கும். ஆக, இருட்டில் க்ளிக் அடித்துக் காத்திருக்கும் திமிங்கலத்துக்குப் பதில் சொல்வது கணவாயாகவும் இருக்கலாம், கடை வாசலில் கிடந்த பையாகவும் இருக்கலாம்.

வாய்க்குள் போன பிறகாவது தெரியாதா என்றால், தெரியாது. அலகுத் திமிங்கலமும் ஸ்பெர்ம் திமிங்கலமும் இரையை மென்று தின்பதில்லை, உறிஞ்சி விழுங்குகின்றன. பல்லுள்ள திமிங்கலங்கள் மோப்பத் திறனைப் பரிணாமத்தில் இழந்துவிட்டன. திமிங்கல இனங்களுக்கு இனிப்பு, கசப்பு, புளிப்பு, உமாமி எனப்படும் ஊன்சுவை ஆகியவற்றை அறியும் மரபணுக்களும் செயலிழந்துவிட்டன, உப்பு மட்டும் மிச்சம் என்று 2014-ல் வந்த மரபணு ஆய்வு காட்டியது. மூக்கும் நாக்கும் கைவிட்ட விலங்குக்குக் காது ஒன்றே காவல். அந்தக் காதையே பிளாஸ்டிக் ஏமாற்றிவிடுகிறது. வயிறு நிறைந்திருக்கும், சத்து இருக்காது. பசியெடுக்காமலே பட்டினி கிடந்து சாகிறது.

வடிகட்டி உண்ணும் நீலத் திமிங்கலத்தின் கதை வேறு. கிரில் தின்ற நுண்பிளாஸ்டிக் அதன் உடம்புக்குப் போகிறது. கலிஃபோர்னியக் கடலில் ஒரு நீலத் திமிங்கலம் ஒரு நாளில் ஒரு கோடித் துகள் வரை விழுங்கக்கூடும் என்று 2022-ல் ஓர் ஆய்வு கணக்கிட்டது.

ஒரு பாமாயில் பாக்கெட்

இனி பின்வரிசைக் கேள்விக்கு வரலாம். சிறுமலையில் பிறக்கும் சந்தனவர்த்தினி குடகனாற்றில் சேர்கிறது. குடகனாறு அமராவதியில், அமராவதி காவிரியில், காவிரி வங்கக் கடலில். வரைபடத்தில் கோடு போட்டுக் காட்டினால் சாணார்பட்டி ஓடைக்கும் கடலுக்கும் தொடர்பு உண்டு. ஆனால் இங்கே விழுந்த ஒவ்வொரு பையும் கடலுக்குப் போகிறது என்று பிள்ளைகளிடம் சொன்னால் அது பொய். 2021-ல் வெளியான ஒரு கணக்கின்படி ஆறுகள் வழியாகக் கடல் சேரும் பிளாஸ்டிக் ஆண்டுக்கு 8 லட்சம் முதல் 27 லட்சம் டன். அதில் பெரும்பங்கு கடலோர நகரங்களின் சிற்றாறுகளிலிருந்து போவது. உள்நாட்டுக் குப்பை கரையோரப் புதரிலும், கண்மாயிலும், அழகாபுரி அணையிலும், மாயனூர் கதவணையிலும் சிக்கி நிற்கும், புதையும், வெயிலில் நொறுங்கும். நொறுங்கிய துகள் அடுத்த பெருவெள்ளத்துக்குக் காத்திருக்கும்.

சாணார்பட்டியின் நேரடித் தொடர்பு ஆற்றைவிட ரேஷன் கடையில் இருக்கிறது. குடும்ப அட்டைக்குக் கிடைக்கும் ஒரு லிட்டர் பாமாயில், இந்தோனேசியா அல்லது மலேசியாவில் விளைந்து கப்பலில் கடல் தாண்டி வந்தது. உலக வணிகச் சரக்கில் எடைக் கணக்கில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் கப்பலில்தான் போகிறது. எண்ணெய் வரும்போது கடலில் சத்தம், தீர்ந்தபின் கையில் மிஞ்சுவது பிளாஸ்டிக் உறை. திமிங்கலத்தின் காதைத் தொல்லைப்படுத்தும் இரண்டு மாசுகளும் அந்த ஒரே பாக்கெட்டில் இருக்கின்றன. 2019 ஜனவரி 1 முதல் தமிழக அரசு 14 வகை ஒருமுறைப் பயன்பாட்டுப் பிளாஸ்டிக்கைத் தடை செய்தபோதுகூட பால், எண்ணெய் உறைகளுக்கு விலக்கு தர வேண்டியிருந்தது. 2021 டிசம்பரில் தொடங்கிய 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தால் கடைப்பையை மாற்ற முடியும், எண்ணெய் உறையை மாற்ற முடியாது.

இரண்டு மாசுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. சத்தம் நிறுத்திய நொடியில் போய்விடும், கடலில் எதையும் அள்ள வேண்டியதில்லை. ஃபண்டி வளைகுடா அதைக் காட்டியது. கப்பல் வேகத்தைக் கொஞ்சம் குறைத்தாலே குமிழி வெடிப்பு வெகுவாகக் குறையும். கனடாவின் வான்கூவர் துறைமுகம் 2017 முதல் திமிங்கலங்கள் வரும் பருவத்தில் கப்பல்களை விருப்பத்தின்பேரில் மெதுவாகப் போகச் சொல்லி வருகிறது, பெரும்பாலான கப்பல்கள் இணங்குகின்றன. கப்பல் இரைச்சலைக் குறைக்கச் சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2014-ல் வழிகாட்டுதல் வெளியிட்டு 2023-ல் திருத்தியது. அது கட்டாயம் அல்ல. அந்தப் பொறுப்பு துறைமுகங்களுடையது, அரசுகளுடையது. சாணார்பட்டிப் பிள்ளையின் தலையில் அதை ஏற்றக் கூடாது.

பிளாஸ்டிக் அப்படியல்ல. உற்பத்தியை நிறுத்தினாலும் ஏற்கெனவே கிடப்பது கிடந்துகொண்டே இருக்கும். கடலில் இறங்கிவிட்டால் எடுக்க வழியில்லை, ஓடையில் கிடக்கும்வரை ஒரு சாக்குப் பையும் இரண்டு கையும் போதும். ஆண்டின் பெரும்பாலான நாட்களில் இந்தப் பக்கத்து ஓடைகள் வறண்டே கிடக்கின்றன. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை அடித்துப் பெய்யும்போது, ஒன்பது மாதம் சேர்ந்த அத்தனையும் ஒரே இரவில் புறப்பட்டுவிடும். ஆகவே பள்ளியில் திமிங்கலப் படம் போட ஏற்ற மாதம் புரட்டாசி. முதலில் படத்தை ஒருமுறை கண்ணை மூடிக்கொண்டு கேட்கச் சொல்லலாம், பிறகு திறந்து பார்க்கலாம். மறுநாள் சனிக்கிழமையாக இருந்தால் நல்லது, ஓடையில் இறங்க நேரம் கிடைக்கும்.